லோங் கொவிட்டோடு இருப்பவர் பூஸ்டர் போடுவதா, பொறுப்பதா?

லோங் கொவிட், அதாவது கொவிட் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் விடாமல் நிற்கும் வருத்தம், இருப்பது தடுப்பூசிக்குத் தடை அல்ல. அதற்காக, லோங் கொவிட் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாரும் பூஸ்டர் (மேலதிக ஊசி) போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. உங்கள் வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்க்க வேண்டும். கடைசி ஊசியும் கடைசித் தொற்றும் எப்போது, முந்தைய ஊசிகளுக்கு உடம்பு எப்படி நடந்துகொண்டது என்று பார்க்க வேண்டும். இப்போது உடம்பு ஒரு நிலையில் நிற்கிறதா, கிழமைக்குக் கிழமை இறங்குகிறதா என்பதும் முக்கியம். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் இன்னொன்றும் சேரும்: ஊசி போட்ட பிறகு நான்கு நாள் வயலுக்கோ கூலி வேலைக்கோ போகாமல் படுத்திருக்க வழி உண்டா? வைத்தியர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் ஊசிக்குப் பிறகு ஒருவர் பழைய நிலைக்குத் திரும்புவதும், மாதக்கணக்கில் கிடப்பதும் இந்த நான்கு நாளிலும் தங்கியிருக்கலாம்.

முதலில், இது லோங் கொவிட்தானா?

உலக சுகாதார அமைப்பு 2021 ஒக்டோபரில் தந்த வரைவிலக்கணப்படி, தொற்று வந்து வழக்கமாக 3 மாதத்துக்குள் களைப்பு, மூச்சு முட்டு, மறதி போன்ற குறிகள் தெரியவரும், குறைந்தது 2 மாதம் நீடிக்கும், வேறு நோயால் அவற்றுக்கு விளக்கம் கிடைக்காது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எங்கள் பக்கத்தில் சோதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 2021, 2022 அலைகளில் பலர் பரிசோதனை இல்லாமலே வீட்டில் கிடந்து எழும்பியவர்கள். அதன் பின் வந்த எல்லாக் களைப்பையும் கொவிட்டின் தலையில் போட்டுவிடக்கூடாது.

பூஸ்டர் பற்றி யோசிக்குமுன் ஓ.பி.டி.யிலோ (வெளிநோயாளர் பிரிவு) கிளினிக்கிலோ கேட்க வேண்டிய பரிசோதனைகள் இவை: முழு இரத்தப் பரிசோதனை, வெறுவயிற்றுச் சீனி, தைரொயிட், கிரியற்றினின் (சிறுநீரகத்துக்கு), ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி உண்டா என்று பார்க்க), நெஞ்சு எக்ஸ்றே, ஈ.சி.ஜி. கிரியற்றினினை விட்டுவிடாதீர்கள். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் உள்ள கிராமங்கள் உண்டு. அது தொடக்கத்தில் குறி எதுவும் காட்டாமல் இருந்து, பிறகு களைப்பாகத் தெரியவரலாம். இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளிப் பரிசோதனையும் வேண்டும், காசநோய் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. பெண்களுக்கு இரத்தச்சோகையே பாதிக் களைப்புக்குக் காரணமாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு.

நித்திரையின்மையும் கெட்ட கனவும் போரின் பின் பலரோடு தங்கிவிட்டன. அவையும் லோங் கொவிட்டும் ஒரே ஆளில் சேர்ந்தே இருக்கலாம். "எல்லாம் மனசுதான்" என்று ஒருவர் சொன்னால், மேலே சொன்ன பரிசோதனைகள் முடிந்தனவா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இந்தப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதோ, உடம்பு அண்மையில் திடீரென்று இறங்கியிருந்தாலோ, ஊசியைத் தள்ளிப் போடுவது நல்லது. ஊசி ஆபத்தாகிவிடும் என்பதற்காக அல்ல. புதிதாக ஒரு குறி வந்தால் அது ஊசியாலா, பழைய வருத்தத்தாலா, கண்டுபிடிக்கப்படாத வேறு நோயாலா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். பிரித்தானியத் தடுப்பூசி வழிகாட்டியும் இதே காரணத்தைச் சொல்லியே பொறுக்க அனுமதிக்கிறது.

ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது

தொற்று வருமுன் போட்டிருந்தால் லோங் கொவிட் வரும் வாய்ப்பை ஊசி ஓரளவு குறைக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட லோங் கொவிட்டுக்கு அது மருந்து அல்ல. 2022 மே மாதம் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, தடுப்பூசிக்கு முன்பே தொற்றுக் கண்ட 28,000க்கு மேற்பட்டோரைப் பார்த்தது. முதல் ஊசிக்குப் பின் லோங் கொவிட் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 13 வீதமும், இரண்டாவதுக்குப் பின் இன்னும் 9 வீதமும் குறைந்தது. சிறிய நன்மைதான், அதுவும் முதல் இரண்டு ஊசிகளுக்கே. நான்காவது, ஐந்தாவது ஊசிக்கு இதே கணக்கைப் போட முடியாது.

2021 இல் பிரித்தானிய நோயாளர் அமைப்பொன்று எடுத்த கணக்கெடுப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஊசிக்குப் பின் ஓரளவு தேறியதாகவும், ஐந்தில் ஒருவர் அளவு மோசமானதாகவும், மிச்சப்பேர் மாற்றமில்லை என்றும் சொன்னார்கள். தாங்களாக முன்வந்து சொன்னவர்களின் கணக்கு என்பதால் அதை அப்படியே எங்கள் ஊருக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் இரண்டு பக்கமும் உண்மை என்று அது காட்டுகிறது: ஊசியால் தேறியவரும் இருக்கிறார், சரிந்தவரும் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எண்ண இடமில்லை.

ஆகவே பூஸ்டர் எதற்கு என்று கேட்டால், கடும் நோயைத் தவிர்க்க, அத்தோடு மறுதொற்றின் அடியைக் குறைக்க. மறுபடி கொவிட் வந்தால் லோங் கொவிட் குறிகள் கூடவோ, அடங்கியவை திரும்பவோ கூடும். தொற்றே வராமல் தடுக்கும் சக்தி சில மாதத்தில் மங்கிவிடும். கடும் நோயிலிருந்து காப்பது அதைவிடக் கூடிய காலம் நிற்கும்.

யாருக்குப் போடச் சொல்வோம்

உலக சுகாதார அமைப்பு 2023 முதல் ஆட்களைப் பிரித்தே பூஸ்டரைப் பரிந்துரைக்கிறது. முதியோர், சீனி வருத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், நாட்பட்ட சுவாச நோய் போன்றவை உள்ளவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், சுகாதார ஊழியர்கள் ஆகியோர் முன்னுரிமைக்காரர். இவர்களுக்கு இடைவெளி பொதுவாக 12 மாதம். மிக முதியவர்களுக்கும் நோயெதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் 6 மாதத்திலிருந்தே போடலாம். வேறு வருத்தமில்லாத இளையவர்களுக்கு, முதல் தொடரும் ஒரு பூஸ்டரும் முடிந்திருந்தால், மேலதிக ஊசியை அது வழமையாகப் பரிந்துரைக்கவில்லை.

இதை வைத்து எங்கள் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். 60 வயதைத் தாண்டியவர், அல்லது சீனியோ சிறுநீரகமோ இருதயமோ பழுதானவர், லோங் கொவிட் இருந்தாலும் போடுவதே நல்லது. அவருக்குத் தொற்றின் ஆபத்து ஊசியின் சிரமத்தைவிட மிகப் பெரிது. 35 வயது, வேறு வருத்தமில்லை, மூன்று ஊசி போட்டவர், இரண்டு முறை தொற்றும் வந்தவர், கடைசி ஊசிக்குப் பின் இரண்டு மாதம் எழும்ப முடியாமல் கிடந்தவர் என்றால், மனச்சாட்சி உறுத்தாமல் பொறுக்கலாம். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் கீழே வரும் கணக்குகள் தேவை.

ஊசியே கூடாது என்று சொல்ல வேண்டிய இடம் சிறியது. முந்தைய ஊசிக்கோ அதில் உள்ள ஒரு பொருளுக்கோ மூச்சுத் திணறல், தொண்டை வீக்கம், பிரஷர் விழுதல் என்று கடும் அலர்ஜி வந்திருந்தால் அதே வகை ஊசி வேண்டாம். எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிக்கு (பைசர், மொடேனா) பின் இருதயத் தசை அழற்சி வந்திருந்தால் இருதய நிபுணரைக் கேட்காமல் அடுத்தது போடாதீர்கள். இறால், நண்டு, கத்தரிக்காய் அலர்ஜி எல்லாம் தடையல்ல. தொய்வும் (ஆஸ்துமா) தடையல்ல.

வெளிநாட்டு உறவினர் வட்சப்பில் சொல்வதைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. பிரித்தானியாவில் 2025 இலையுதிர்காலத் திட்டத்தில் 75 வயதுக்கு மேற்பட்டோர், முதியோர் இல்லத்தவர், நோயெதிர்ப்புக் குறைந்தோர் என்று ஆட்களைச் சுருக்கிவிட்டார்கள். "இங்கே எல்லாரும் போடுகினம்", "இங்கே ஒருத்தரும் போடுகினமில்லை" இரண்டும் உங்கள் முடிவுக்கு உதவாது.

அட்டையும் கொப்பியும்

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். எந்த ஊசி, எந்தத் திகதி என்பது வேண்டும். இலங்கையில் சினோபாம், கொவிசீல்ட், பைசர், மொடேனா, ஸ்புட்னிக் எல்லாம் போடப்பட்டன. பூஸ்டராகப் பெரும்பாலும் பைசர். அட்டை தொலைந்திருந்தால் ஊசி போட்ட பகுதியின் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பக்கத்திலும் எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை நாளில் பழைய நிலைக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் மற்றவர்களையும் கேளுங்கள், நோயாளியைவிட அவர்களுக்கே நாள் சரியாக ஞாபகம் இருக்கும்.

அடுத்து, ஊசிக்கு முன் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் போட்டால், பிறகு "கூடிவிட்டதா, முந்தியும் இப்படித்தானா" என்ற சண்டை மனதுக்குள்ளேயே நடக்கும். காலையில் எழும்பு முன் படுத்தபடி நாடித்துடிப்பு ஒரு நிமிடம். களைப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி. எத்தனை மணி நித்திரை. களைக்காமல் செய்ய முடிந்த வேலை ஒன்று, அதுவும் ஒவ்வொரு நாளும் அதே வேலை: கிணற்றில் இத்தனை வாளி, படலைவரை நடை, ஒரு நேரச் சமையல். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி இருந்தால் அதன் எண்ணையும் எழுதலாம். நகத்தில் மருதோன்றியோ பூச்சோ இருந்தால் வேறு விரலில் வையுங்கள், கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடக் காட்டலாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால் எண்ணை நம்பாதீர்கள்.

எழும்பி நின்றால் தலை சுற்றுகிறவர்கள் ஒருமுறை இதையும் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும், விழுந்துவிடக் கூடும். 10 நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். பிறகு எழும்பி, சுவரில் முதுகு சாய்த்து, காலை அசைக்காமல் நின்று 2, 5, 10 ஆம் நிமிடங்களில் எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடி அப்படியே நின்றால் அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். அதைச் சரிப்படுத்திக்கொண்டு ஊசிக்குப் போனால் சிரமம் குறையலாம்.

கொப்பியில் இரண்டு கிழமையும் புள்ளி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றால் நாள் குறிக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் பொறுங்கள்.

நாள் குறிப்பது

கொவிட் தொற்று வந்திருந்தால் குறைந்தது 4 கிழமை கழிய வேண்டும். அமெரிக்க வழிகாட்டல் 3 மாதம்வரை பொறுக்க இடம் தருகிறது. லோங் கொவிட்காரருக்கு அந்த மூன்று மாதமே பொருத்தம், தொற்றால் வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை ஓரளவு காக்கும்.

காலபோக விதைப்பு, அரிவு வெட்டு நாட்களில் போடாதீர்கள். வீட்டில் வேலை கிடக்கும்போது யாரும் நான்கு நாள் படுத்திருக்கமாட்டார்கள். பெண்கள் மாதவிடாய்க்கு முந்திய கிழமையைத் தவிர்த்தால் நல்லது, பலருக்கு அந்நாட்களில் களைப்பு இயல்பாகவே கூடுகிறது. எதிர்ப்புச் சக்தி ஏற இரண்டு கிழமை வேண்டும். சனம் கூடும் மடு ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர் ஆடிப் பிற்பகுதிக்குள் போட்டிருக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர் அதற்கு மூன்று கிழமை முன்.

ஊசி இருக்கிறதா என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். இப்போது கொவிட் ஊசி எல்லா எம்.ஓ.எச். பணிமனையிலும் எந்நாளும் வைத்திருக்கும் பொருள் அல்ல. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ பி.எச்.ஐ.யிடமோ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் சொல்லி வையுங்கள், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பொது வைத்தியசாலைகளிலும் தொலைபேசியில் கேட்கலாம். கேட்கும்போது மூன்று கேள்வி: என்ன ஊசி, எந்தத் திரிபுக்கானது, காலாவதித் திகதி என்ன. உலக சுகாதார அமைப்பு 2023 இல் எக்ஸ்.பி.பி., 2024 இல் ஜே.என்.1 வழித் திரிபுகளுக்கு ஏற்ற ஊசிகளைப் பரிந்துரைத்தது. புதியது கிடைக்காவிட்டால் பழையதும் கடும் நோயைக் குறைக்கும். ஆனால் முன்னுரிமை இல்லாத இளையவர் பழைய ஊசிக்காக உடம்பை வருத்தத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

காய்ச்சல் ஊசி, அதாவது இன்புளுவென்சா ஊசி, அதே நாளில் போடலாம் என்பதே பொது விதி. லோங் கொவிட்காரர் இரண்டு கிழமை விட்டுத் தனியாகப் போட்டால் எதற்கு எது வந்தது என்று தெரியும். ஆனால் நாய் கடித்தாலோ ஆணி குத்தினாலோ விசர்நாய்க்கடி ஊசியையும் ஏற்பு (ரெட்டனஸ்) ஊசியையும் கொவிட் ஊசிக்காக ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

போகும் நாள்

ஊசியைவிடப் பயணமே பலரைச் சரிக்கிறது. காலை வெயில் ஏறுமுன் போய்வரப் பாருங்கள். மினி பஸ்ஸில் நின்று போவதைவிட ஓட்டோவுக்குக் காசு செலவழிப்பது இந்த ஒரு நாளைக்கு நியாயமான செலவு. முதல் நாளும் அன்றும் வேறு வேலை வைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வழமையான குளிசைகள், இன்ஹேலர், அலர்ஜிக் குளிசை எதையும் நிறுத்த வேண்டாம். வலி வருமுன் தடுக்கப் பனடோல் முன்கூட்டியே போடத் தேவையில்லை.

ஊசி போடுபவர் கேட்காவிட்டாலும் இவற்றை அவரிடம் சொல்லுங்கள்: பழைய அலர்ஜிகள், இரத்தம் உறையாமல் எடுக்கும் குளிசை, ஸ்ரிரொயிட் குளிசை, கர்ப்பம், முன்பு ஊசிக்கு மயங்கி விழுந்தது. வாஃபரின் எடுப்பவருக்கு மெல்லிய ஊசியால் போட்டு, குறைந்தது 2 நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

உடம்பில் செல் பீஸ், அதாவது போரில் பட்ட எறிகணைத் துண்டு, இருப்பது ஊசிக்குத் தடையல்ல. பீஸ் கிடக்கிற, தழும்பு இறுகிய இடத்தில் போடாமல் மற்றக் கையில் போடச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மட்டும் பீஸ் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு கையை இழந்தவருக்கு இருக்கிற கையில் போட்டால் இரண்டு நாள் எந்த வேலையும் செய்ய முடியாமல் நோகும், அவர் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும்படி கேட்கலாம். ஊன்றுகோல் பிடிப்பவர், சக்கர நாற்காலியைத் தானே தள்ளுபவர்களும் அப்படியே.

போட்ட பின் 15 நிமிடம், முன்பு கடும் அலர்ஜி கண்டவர் 30 நிமிடம், அங்கேயே இருக்க வேண்டும். தலை சுற்றுகிறவர் படுத்துக்கொண்டே போடச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் நான்கு நாள்

கை நோவு, காய்ச்சல், உடம்பு உளைவு பெரும்பாலும் முதல் 24 மணியில் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் அடங்கும். லோங் கொவிட்டில் உள்ள சிக்கல் அதன் பிறகுதான். உடம்பை வருத்தினால் சரிவு பெரும்பாலும் உடனே வராது, 12 முதல் 72 மணி கழித்து வரும். இரண்டாம் நாள் சுகமாக இருக்கிறதென்று வளவு கூட்டி, உடுப்புத் தோய்த்து, நான்காம் நாள் விழுந்துவிட்டு ஊசியைக் குறை சொல்கிறார்கள். ஆகவே சுகமாக இருந்தாலும் நான்கு நாளும் வேலை வேண்டாம். பிறகு கொப்பியில் எழுதிய அந்த வழமை வேலையின் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

காய்ச்சலுக்கோ நோவுக்கோ 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு குளிசை, 6 மணிக்கு ஒருமுறை, 24 மணியில் 8 குளிசைக்கு மேல் இல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். பனடோலும் பரசிற்றமோலும் ஒரே மருந்து, தடிமன் குளிசைகளிலும் அது கலந்திருக்கும், எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். இபுபுரூபன், டைக்குளோபெனக் வேண்டாம். டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும், சிறுநீரகம் பழுதானவரை இன்னும் பழுதாக்கும். கஞ்சி, ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கரைசல்), இளநீர் நல்லவை. சிறுநீரக நோயாளர் இளநீரைத் தவிர்க்க வேண்டும், பிரஷர்காரர் ஜீவனியை வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

ஊசிக் காய்ச்சல் என்று நினைத்து டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் விட்டுவிடுவதுதான் மாரி காலத்தில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை. காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் அதை ஊசியின் கணக்கில் எழுதாதீர்கள், அன்றே முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் (சிறுநீர்) குறைவது இருந்தால் வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முதல் இரண்டு கிழமைக்குள் நெஞ்சு நோ, மூச்சு முட்டு, நெஞ்சு படபடப்பு புதிதாக வந்தால், முக்கியமாக 40 வயதுக்குட்பட்ட ஆண்கள், உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் ஊசி போட்ட திகதியைச் சொல்லுங்கள், ஈ.சி.ஜி.யும், இருதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் ட்ரோப்பொனின் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். மயக்கம், ஒரு பக்கக் கை கால் விழுதல், ஒட்சிசன் 94க்குக் கீழே நிற்பது ஆகியவற்றுக்கு 1990 அம்புலன்ஸை அழையுங்கள், விடியட்டும் என்று பொறுக்காதீர்கள்.

புள்ளி இறங்கியே நின்றால்

இரண்டு கிழமைக்குள் கொப்பியின் பழைய மட்டத்துக்கு வந்தால் உடம்பு ஊசியைத் தாங்கியது என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கிழமை கடந்தும் கீழேயே நின்றால் எம்.ஓ.எச். பணிமனையில் தடுப்பூசிக்குப் பின்னான பாதகமாகப் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவுகள் கொழும்பில் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். பதிவதால் உங்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை, பதியாவிட்டால் எங்கள் பகுதியில் இப்படி நடப்பதே யாருக்கும் தெரியவராது. அடுத்த ஊசி பற்றிப் பேசும்போது அந்தக் கொப்பியே உங்கள் சாட்சி. வேறு வகை ஊசி உண்டா, இடைவெளியை நீட்டலாமா என்று அதை விரித்து வைத்தே கேளுங்கள்.

பொறுப்பதென்று முடிவெடுத்தவர்கள்

பொறுப்பது சும்மா இருப்பதல்ல. ஓ.பி.டி. வரிசை, கிளினிக் மண்டபம், நெருக்கமான பஸ், செத்தவீடு, கலியாண மண்டபம், இந்த ஐந்து இடத்திலும் என்95 வகை முகக்கவசம் போடுங்கள். துணிக் கவசம் போதாது. மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, காற்று பக்கத்தால் வராமல் பாருங்கள். நனையாமல், கிழியாமல் இருந்தால் ஒன்றைப் பல முறை போடலாம், ஒரு முறை போட்டதைக் கடதாசிப் பையில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். வீட்டுக்கு இருமலோடு யாரும் வந்தால் விறாந்தையிலோ மரத்தடியிலோ கதிரை போடுங்கள். உங்களோடு வாழும் முதியவரும் சீனி வருத்தக்காரரும் தங்கள் ஊசியை விடாமல் போடட்டும். தடிமனோ காய்ச்சலோ வந்த முதல் நாளே வேலையை நிறுத்திப் படுங்கள், கிடைத்தால் அன்டிஜன் பரிசோதனை செய்யுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முடிவைத் திரும்பப் பாருங்கள். வயது 60 ஆனது, சீனி கண்டுபிடித்தது, கர்ப்பம், புதிய மருந்து ஒன்று தொடங்கியது, ஊருக்குப் புதிய ஊசி வந்தது, இவற்றில் ஒன்று மாறினாலும் கொப்பியைத் திறந்து முதலிலிருந்து பாருங்கள்.